காயக் காய விரிந்த சுவர்

வெள்ளம் வந்தபோது என் வீட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வெள்ளம் வடிந்து, வெயில் அடித்து, தெருவே ‘அப்பாடா’ என்று மூச்சுவிட்ட பிறகுதான், விழலாமா வேண்டாமா என்று அது யோசிக்கத் தொடங்கியது.

சாத்தூருக்கு வெளியே, கண்மாய்க்குக் கீழே என் வீடு. நான் மனை வாங்கியபோது அந்தக் கண்மாயில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. “தண்ணிக் கஷ்டம் ஒண்ணுதான் அண்ணாச்சி இங்கன” என்று மனையை விற்ற புரோக்கர் மனம் வருந்திச் சொன்னார். பிறகு ஒரு மழையில் கரை உடைந்து, அந்த ஒரு கஷ்டத்தையும் கண்மாய் தீர்த்துவைத்தது. தண்ணீர் ஜன்னல் விளிம்புவரை ஏறி நின்றுவிட்டுப் போனது.

நான் ஒரு பட்டாசு கம்பெனியில் சூப்பர்வைசர். சரக்கைக் காய வைக்கும் மேடைதான் என் ராஜ்ஜியம். காலையில் எழுந்ததும் மற்றவர்கள் சாமி படத்தைப் பார்ப்பார்கள். நான் வானத்தைப் பார்ப்பேன். ஈரம் என்றால் கெடுதல், வெயில் என்றால் நல்லது. இதற்கு மேல் உலகத்தில் படிக்க ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். ஆகவே வீட்டையும் நனைந்துபோன ஒரு லோடு என்று நினைத்துக் காயப்போட்டேன். அஸ்திவாரத்தைச் சுற்றி ஆழமாக வாய்க்கால் வெட்டினேன். மேற்குச் சுவருக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்த முருங்கையை வெட்டிச் சாய்த்தேன். அந்தச் சுவர் எங்கள் படுக்கையறைச் சுவர்.

என் மனைவி மல்லாங்கிணற்றுப் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள். இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

“ஏங்க, கரிசல் மண்ணைப் போயி இப்பிடித் தோண்டிக் காய வைக்கிறீகளே. எங்க காட்டுல பாத்ததில்லையா? காஞ்சா காலு உள்ள போற அளவுக்குப் பிளக்கும்.”

“அது காடு. இது வீடு” என்றேன்.

வீடு எதன்மேல் நிற்கிறது என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வீட்டைக் கட்டிய கான்ட்ராக்டரையே மராமத்துக்கும் கூப்பிட்டேன். படுக்கையறைச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் மேலே போயிருந்தது. “இதெல்லாம் ஒரு விரிசலா அண்ணாச்சி? சுவரு லேசாச் சிரிக்குது, அம்புட்டுதான்” என்று சொல்லி, சிமென்ட் பூசி, மேலே பெயிண்டும் அடித்துவிட்டுப் போனார்.

வீட்டுக் கடன் கொடுத்த பேங்க், கையோடு ஒரு இன்சூரன்ஸையும் என் தலையில் கட்டியிருந்தது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி மதுரையிலிருந்து ஒரு சர்வேயரை அனுப்பியது. மெலிந்த, மரியாதையான மனிதர். புதுப் பெயிண்ட் வாசம் அடித்த சுவரைத் தடவிப் பார்த்து, “சேதம் எங்க சார்?” என்றார்.

“பூசிட்டோம் சார்” என்றேன் பெருமையாக.

“நான் பாக்குறதுக்கு முன்னாடியே?”

என் பெருமை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டது.

வெயில் ஏற ஏற, புதுப் பூச்சைப் பிளந்துகொண்டு விரிசல் திரும்பி வந்தது. இந்தத் தடவை லேசான சிரிப்பு இல்லை. சர்வேயருக்குப் போன் செய்தேன். “வெள்ளத்துல வந்திருந்தா அன்னைக்கே இருந்திருக்கணும் சார். தண்ணி வடிஞ்ச பிறகு வந்தா அது வேலையோட கோளாறு” என்றார். கான்ட்ராக்டரிடம் சொன்னேன். “என் வேலையில குத்தமா? மண்ணு காஞ்சு எறங்குது, சுவரு கூடவே போகுது. மண்ணை ஊற வச்சது வெள்ளம். வெள்ளத்துக்குத்தான இன்சூரன்ஸ்?” என்றார். இருவருக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு, யார் பேசினாலும் “அதுவும் சரிதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு முடிவு சொன்னது: சர்வேயர் மறுபடி வந்து பார்க்கும்வரை சுவரை யாரும் தொடக் கூடாது. கான்ட்ராக்டர் இந்த உத்தரவுக்கு மிகவும் சந்தோஷமாகக் கீழ்ப்படிந்தார். சுவர் மட்டும் கீழ்ப்படியவில்லை.

விரிசல் நகர்கிறதா என்று தெரிந்துகொள்ள, குறுக்கே ஒரு காகிதத்தை ஒட்டிவைக்கச் சொன்னார் கான்ட்ராக்டர். எங்கள் வீட்டில் காகிதத்துக்கா பஞ்சம்? சிவகாசியில் அச்சடித்து வந்து கம்பெனியில் மிஞ்சிப்போன பட்டாசு லேபிள்களை மைதாப் பசை தடவி, விரிசலின் வெளிப்பக்கத்தில் வரிசையாக ஒட்டினேன். மயில், யானை, கிளி. பார்க்கக் குழந்தைகள் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் மயிலின் கழுத்து அறுந்திருந்தது. யானை கொஞ்சம் தாக்குப்பிடித்தது. பிறகு தும்பிக்கை ஒரு கரையிலும் வால் மறுகரையிலுமாகப் பிரிந்தது. விரிசல் முடியும் நுனியில் ஒட்டிய கிளி மட்டும் முழுசாக இருந்தது.

மத்தியான வெயிலில் சுவருக்குள்ளிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். பெரிய சத்தம் இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் பெரிய சத்தத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. வரக் கூடாத இடத்தில் வரும் சின்னச் சத்தத்துக்குத்தான் மேடையில் அத்தனை பேரும் கையை அப்படியே நிறுத்துவார்கள். நானும் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிடுவேன்.

படுக்கையறைக் கதவும் வம்பு செய்தது. ஊறிக் கிடந்தபோது அது சாத்த வரவில்லை. இப்போது சாத்தினால் திறக்க வரவில்லை. நாங்கள் ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம்.

“வாடகைக்கு ஒரு வீடு பாத்துப் போயிருவோமா?” என்று என் மனைவி கேட்டாள்.

“ஆளில்லாத வீடுன்னு சொல்லி இன்சூரன்ஸ்காரன் குடுக்கிறதையும் குடுக்காமப் போயிருவான்னு கான்ட்ராக்டர் சொல்றாரு. சர்வேயர் ஒருதடவை வந்துட்டுப் போகட்டும்.”

“அவரு வர்ற வரைக்கும் சுவரு நிக்குமா?”

அதை யாரிடம் கேட்பது என்று தெரியாததால், நான் தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்தேன்.

அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். காய்ந்துதானே மண் இறங்குகிறது, அப்படியானால் காயவிடாமல் வைப்போம் என்று சுவரோரம் ரப்பர் குழாயைப் போட்டாள். அந்த வேலை சீக்கிரமே எனக்கு வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் ஈரத்தை விரட்டிய நான் காலையும் மாலையும் வீட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று, “ஏலே, வெள்ளத்துல வீடு மெதந்தது பத்தலைன்னு மறுபடியும் மெதக்க விடுதியா?” என்றார். பதில் சொல்ல வாயெடுத்தபோது, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சர்வேயர்.

“சார்... என்ன பண்றீங்க?”

“வீட்டுக்குத் தண்ணி விடறேன் சார்.”

“வெள்ளச் சேதம்னு க்ளெய்ம் போட்ட வீட்டுக்கா?”

அன்று அவர் எடுத்த முதல் போட்டோ என்னுடையது. கையில் குழாயோடு.

கான்ட்ராக்டரும் பைக்கில் வந்து சேர்ந்தார். ஹாலில் நின்று இருவரும் மண்ணா பூச்சா என்று தொடங்கினார்கள். வந்தவர்களுக்குச் சில்வர் டம்ளரிலா டீ கொடுப்பது என்று என் மனைவி நினைத்திருக்க வேண்டும். கண்ணாடி டம்ளர் படுக்கையறை பீரோவில் இருந்தது. அவள் உள்ளே போனதை நான் பார்க்கவில்லை. கதவு அறைந்து சாத்திக்கொண்ட சத்தம்தான் கேட்டது.

“ஏங்க, கதவு வரல” என்றாள் உள்ளிருந்து. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நான் தள்ளினேன். கான்ட்ராக்டர் தள்ளினார். பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தவர், கையை எடுத்துக்கொண்டார்.

“நிலை சாஞ்சு கதவு மேல உக்காந்துருச்சு அண்ணாச்சி. நெம்பித்தான் எடுக்கணும்.”

“நெம்புங்க!”

“கடப்பாரை வெளிய கெடக்கு. ஆனா நான் தொட மாட்டேன். நாளைக்கு நிலை போச்சு, சுவரு போச்சு, எல்லாம் இவன் ஒடைச்சதுன்னு எழுதுவாரு. சாரைச் சொல்லச் சொல்லுங்க, ஒடைக்கிறேன்.”

சர்வேயர் இரண்டடி பின்னால் போனார். “நான் எப்படிங்க சொல்ல முடியும்? சர்வேயர் சொல்லி உடைச்சாங்கன்னு ஆயிடும். ஒரு நிமிஷம், இப்ப இருக்கிற நிலைமையை முதல்ல போட்டோ எடுத்துக்கிறேன்.”

“ஏங்க” என்றாள் அவள். இப்போது குரல் மாறியிருந்தது. “இங்கன மேலருந்து மண்ணு கொட்டுது.”

ஜன்னல் வழியாக வரலாமென்றால், திருடன் முட்டினாலும் அசையாது என்று சொல்லி கான்ட்ராக்டர் போட்ட இரும்புக் கம்பி. அவர் வேலையில் குற்றம் சொல்ல முடியாத ஒரே இடம் அது.

அப்போது எனக்கு ஒரு வேகம் வந்தது என்று பிற்பாடு சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. உண்மையில் நான் சர்வேயர் பக்கம் திரும்பி, “சார், நான் ஒடைக்கலாமா?” என்றேன். பெண்டாட்டி உள்ளே மாட்டிக்கொண்ட கதவை உடைக்க இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அனுமதி கேட்ட மனிதன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

“அங்கன யாருகிட்டக் கேக்கிறீக?” உள்ளே அவள் கத்தினாள். “உள்ள நிக்கிறது நானு! நான் சொல்றேன், ஒடைங்க!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் சுவருக்குள் ‘டப்’ என்றது. மூவருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கான்ட்ராக்டர் ஓடிப்போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்து நிலையின் இடுக்கில் கொடுத்தார். சர்வேயர் போனைப் பையில் போட்டுவிட்டு, அந்த மெலிந்த தோளால் கதவை முட்டினார். நானும் முட்டினேன். கதவு பாதி உடைந்து, பாதி திறந்தது.

அவள் வெளியே வந்தாள். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். ஒரு நொடியில் கிழவி ஆனவள்போல் இருந்தாள். கையில் கண்ணாடி டம்ளர்கள். எங்கள் மூவரையும் கடந்து, ஹாலைக் கடந்து, தெருவுக்குப் போய்த்தான் நின்றாள்.

“உள்ள ஒருத்தரும் இருக்காதீக. வாங்க வெளிய.”

போனோம். தெருவில் நின்றிருக்கும்போது உள்ளே ஏதோ பெரிதாக விழுந்தது. கட்டில் முறிந்த சத்தமும் சேர்ந்து கேட்டது. சுவர் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. சர்வேயர் போனை வெளியே எடுத்தார், பார்த்தார், திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். போட்டோ எடுக்க உள்ளே போகவில்லை.

“மதினி, ஒரு வா தண்ணி குடிங்க” என்றார் கான்ட்ராக்டர். எதிர்வீட்டுப் பெரியவர் கொண்டுவந்த தண்ணீரை அவள் அந்தக் கண்ணாடி டம்ளரில் வாங்கிக் குடித்தாள்.

அன்று சாயங்காலமே அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது: சுவரின் அசைவு நின்ற பிறகு சேதம் மதிப்பிடப்படும், படுக்கையறைக் கதவு உரிமையாளரால் உடைக்கப்பட்டது, அது கணக்கில் சேராது. கான்ட்ராக்டர், அவர்கள் மதிப்பிட்ட பிறகு வருகிறேன் என்கிறார். எல்லோரும் சுவருக்காகக் காத்திருக்கிறார்கள்.

வேலைக்குப் போகும் வழியில் தினமும் நான் அங்கே இறங்கி, புதிதாக வாங்கிய நீளமான குழாயைப் போட்டு, தெருவோரமாக நின்று தண்ணீர் பாய்ச்சுகிறேன். இரண்டு நாளாக மேற்கே மேகம் கட்டுகிறது. கம்பெனியில் எல்லோரும் மழை வந்துவிடக் கூடாதே என்று பேசிக்கொள்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

இன்று காலை கொஞ்சம் துணிந்து ஜன்னல் கம்பிவரை போனேன். கிளி கிழியவில்லை. பச்சை மங்காமல் அப்படியே இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: விரிசல் கிளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, வேறு வழியில் ஹால் பக்கம் போயிருந்தது.

போன் அடித்தது. அவள்தான்.

“என்ன, எப்பிடி இருக்கு?”

“கிளி நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“நான் கிளியக் கேக்கல” என்றாள்.