மச்சான் குடித்த தண்ணீர்

அந்தக் கண்ணாடிக் குவளை எப்போதும் அவருடைய வலது கைப்பக்கம் இருக்கும். பின்னால் பல நாட்டுக் கொடிகள். ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், திரைக்குள் பதினொன்று அடங்கியிருந்தன. நடுவில் கோட்டும் சூட்டுமாக என் மனைவியின் தமையன். பல நாடுகள் சேர்ந்த இராணுவக் கூட்டணி ஒன்றின் பேச்சாளர். நான் வேலை செய்த செவன் ஹில்ஸ் தொழிற்சாலையின் சாப்பாட்டறைத் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்தபடியே பல வருடம் மத்தியானச் சோறு தின்றிருக்கிறேன்.

எத்தனை விமானம் பறந்தது என்று கேட்டால் உடனே சொல்வார். எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டால் குவளையை எடுப்பார். ஒரு மிடறு. பிறகு, "அது பற்றி விசாரணை நடக்கிறது" என்பார். மனைவியிடம் இதைச் சொன்னபோது, "உங்களுக்குப் பொறாமை" என்றாள். இருக்கலாம். ஒரு துப்பாக்கியையும் தொடாமல், அந்த ஒரு வசனத்தை வைத்தே ஒரு மனிதர் பதவி உயர்ந்து பென்சனும் எடுத்தால் யாருக்குத்தான் எரியாது?

ஓய்வுபெற்று, எங்களுக்குக் கிட்ட நார்த்மீட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த வருட ஈஸ்டர் விருந்துக்கு என்னோடு வேலை செய்த ஒருவரையும் கூட்டிப்போனேன். கூட்டணி போர் நடத்திய நாட்டுக்காரர். அவருடைய தம்பியின் கலியாண வீட்டில் கூட்டணி விமானம் போட்ட குண்டு விழுந்து தம்பி செத்துப்போனான். மச்சான் அதைப் பற்றிப் பேசியதை நாங்கள் இருவரும் அதே சாப்பாட்டறையில் இருந்துதான் பார்த்தோம். விசாரணை முடிந்ததா, அது கலியாண வீடுதான் என்று எங்காவது ஒத்துக்கொண்டார்களா என்பது மட்டும் வந்தவருக்குத் தெரியவேண்டும். தன் பிள்ளையைப் பயங்கரவாதி என்று பதிந்துவிட்டார்களோ என்று ஊரில் தாய் ஒவ்வொரு ஃபோனிலும் அழுகிறாளாம்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். மச்சான் கோழிக்காலைக் கீழே வைத்தார். விரல்களைத் துடைத்தார். வலது பக்கம் கையை நீட்டினார். ஒரு மிடறு.

"அந்த நேரம் விசாரணை நடந்துகொண்டிருந்தது" என்றார் ஆங்கிலத்தில். பிறகு மகளைப் பார்த்து, "பிள்ளை, அங்கிளுக்கு இன்னும் கொஞ்சம் கறி போடு."

வந்தவர் போட்ட கறியை மிச்சம் வைக்காமல் தின்று, நன்றியும் சொன்னார். காரில் ஏறிய பிறகு கேட்டார். "தண்ணி குடித்தார், பார்த்தாயா?" அவ்வளவுதான். அவருடைய தாய் பதில் தெரியாமலே போன வருடம் இறந்துவிட்டாள்.

இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் மச்சான் எங்கள் வீட்டுக்கு வருவார். அவருக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்தால் போதும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். போன கிழமை கடும் வெயில். கதிரையில் இருந்து பூசைத் தாளால் விசிறிக்கொண்டே, "மச்சான், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமே?" என்றார்.

"அது பற்றி விசாரணை நடக்குது, மச்சான்."

"உங்களுக்கென்ன விசரே?" என்று குசினிக்குள் இருந்து ஓடிவந்த மனைவி, ஒரு குவளை தண்ணீரை அவருடைய வலது பக்கம் வைத்தாள். அவர் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் கண்டார். கை பாதியில் நின்றது.

தாகத்தோடேயே எழும்பிப் போனார்.