வாசலில் ஒளித்த முட்டை

லகேர் முழங்காலிட்டு, வறுத்த எள்ளைக் கல்லில் அரைத்துக்கொண்டிருந்தாள். குலு நகரச் சந்தையில் அவளிடம் எள்ளு விழுது வாங்குகிறவர்கள் பாதி விழுதுக்காகவும் பாதி அவள் வாய்க்காகவும் வருவார்கள். அகதி முகாமில் பிறந்து, வரிசைகளில் நின்றே வளர்ந்தவள். குழாயடியில் முன்னால் நிற்பவனைச் சிரிக்கவைத்து அவன் இடத்தைப் பிடித்துவிடுவாள். கல்யாணத்தையும் அப்படித்தான் முடித்தாள் என்று ஊரில் பேச்சு.

இன்று அந்த வாய் மூடியிருந்தது. காது மட்டும் பாதைப் பக்கம் இருந்தது.

அவள் கணவன் நியேக்கோ அரசுப் படையில் சோமாலியா போய் வந்தவன். வந்த புதிதில் ஒருநாள் தூக்கத்தில் அவள் கழுத்தை நெரித்துவிட்டான். அவன் மூக்கைக் கடித்துத்தான் தப்பினாள். மறுநாளே சமையல் குடிசைக்குப் படுக்கப் போனவன், பெரிய வீட்டு வாசலை அப்புறம் தாண்டவேயில்லை. மூக்குத் தழும்பை லகேர் சந்தையில் தன் முத்திரை என்று சொல்லிக்கொண்டாள். தனியாகப் படுப்பதைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அசீரோ அவனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தாள், பேசவைத்தாள். பிறகு ஒருநாள் சொன்னாள்: "மாத்திரையும் பேச்சும் என் பங்கு. போர்ல இருந்து வந்தவங்களுக்கு உங்க குலத்துல என்ன செய்வாங்களோ, அதையும் செய்யுங்க. நானும் வந்து நிக்கிறேன்."

குலத்தில் செய்வது முட்டை மிதிப்பது. வெளியே ரத்தம் பார்த்து வந்தவன், சொந்தபந்தம் பார்க்க, வாசலில் வைத்த பச்சை முட்டையை வெறுங்காலால் உடைத்துவிட்டு உள்ளே வரவேண்டும். நியேக்கோ முடியாது என்றுவிட்டான்.

"அது காட்டுல இருந்து வந்த கலகக்காரப் பயலுகளுக்கு. நான் அரசாங்க உடுப்புப் போட்டவன். நானும் அவனுங்களும் ஒண்ணா?"

ஆகவே லகேர் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். மகள் அட்டிமைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வாசலில் முட்டையை வைத்து மேலே கூரைப்புல்லைப் பரப்பினாள். சாட்சி நிற்பதற்கு அவனுடைய பெரியப்பா ஓட்டிகாவிடம் ஒரு சேவலுக்குப் பேரம் முடித்தாள். நியேக்கோவே சம்மதித்துவிட்டான், ஆளைக் கண்டால் வெட்கப்படுவான், மறைந்து நின்றால் போதும் என்று அசீரோவிடம் கூசாமல் சொல்லி வரவழைத்தாள்.

"தெரியாம மிதிச்சா செல்லுமா மருமகளே?" என்று கிழவர் இழுத்தார்.

"கால்ல பட்டா போதும் மாமா. தலைக்குத் தெரிஞ்சாத்தான் தகராறு பண்ணுது."

பெரியவரும் அசீரோவும் தானியக் குதிருக்குப் பின்னால் போய் நின்றார்கள். வெயில் சாயும் நேரத்தில் நியேக்கோ மண்வெட்டியோடு வந்தான்.

"அட்டிம் அப்பா, வீட்டுக்குள்ள பாம்பு மாதிரி ஏதோ போச்சு. வந்து பாருங்க."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு விரைந்து வந்தான். வாசலில் காலைத் தூக்கினான். தூக்கிய கால் அப்படியே நின்றது. புல்லைப் பார்த்தான்.

சோமாலியாவில் சாலையில் புதைத்த வெடிகளைத் தேடுவதே தொழிலாக இருந்தவனுக்குப் போய்ப் புல்லால் மூடி ஒன்றை வைத்திருக்கிறோமே என்று லகேருக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாரும் அசையாதீங்க. படுங்க."

அவள் கேட்டறியாத குரல் அது. எள்ளு விழுதின் மேலேயே குப்புற விழுந்தாள்.

"குதிருக்குப் பின்னால இருக்கிற ரெண்டு பேரும்தான்."

சர்ச்சுக்குப் போடும் கோட்டோடு ஓட்டிகா புழுதியில் படுத்தார். பக்கத்தில் படுத்த அசீரோ கிசுகிசுத்தாள்: "பெரியவரே, இதுவும் சடங்குல உண்டா?"

"எங்க காலத்துல இல்ல. பேசாம படு பொண்ணே."

நியேக்கோ நெஞ்சால் ஊர்ந்து, ஒரு குச்சியால் ஒவ்வொரு புல்லாக விலக்கினான். கடைசிப் புல்லும் விலகியது. முட்டையை வெகுநேரம் பார்த்தான்.

"இதை யாரு வச்சது?"

"கோழி," என்றாள் லகேர், கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்காமலே.

ஓட்டிகாவால் அடக்க முடியவில்லை. சிரிப்பு தும்மல் மாதிரி வெளியே வந்தது. நியேக்கோ சிரிக்கவில்லை. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முட்டையை எடுத்துக்கொண்டு சமையல் குடிசைக்குள் போனான்.

அசீரோ பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "என்கிட்ட பொய் சொல்லியிருக்க."

"சொன்னேன்."

"அவன் நிஜமாவே அந்தப் போருக்கே போயிட்டு வந்திருக்கான் இப்போ. போய்க் கூட உக்காரு. வாயைத் திறக்காம."

"அதுக்கு மாத்திரை இருக்கா?"

"போடி."

குடிசையில் அவன் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். முட்டை அவன் பாதங்களுக்கு நடுவே இருந்தது. லகேர் எதிரில் உட்கார்ந்து, முகத்தில் காய்ந்த விழுதைச் சுரண்டினாள்.

"கலகக்காரன், அரசாங்கம்னு சொன்னதெல்லாம் சும்மா," என்றான்.

அவள் நகத்தில் ஒட்டிய விழுதைத் துடைத்தாள்.

"எல்லாரும் பாக்க மிதிச்சுடலாம், அட்டிம் அம்மா. அது பெரிசில்ல. மிதிச்சப்புறமும் ராத்திரி என் கை உன் கழுத்துக்கு வந்துச்சுன்னா? இதுக்கு மேல செய்ய நம்மகிட்ட என்ன இருக்கு?"

அவளுக்கு நாலைந்து பதில்கள் வந்தன. எல்லாம் சந்தைக்கு ஆனவை. விழுங்கிக்கொண்டாள். எழுந்து, குனிந்து, பக்கத்தில் கிடந்த அவன் தலையணையை எடுத்துத் தட்டினாள்.

"உன்னைத்தான் கேக்கிறேன்."

தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலைகுனிந்து நிலையைத் தாண்டி, பெரிய வீட்டைப் பார்த்து நடந்தாள்.