தாம்பூலப் பையில் போன புத்தகம்

சுயசரிதைகளைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முதல் அத்தியாயத்திலேயே எழுதியவர் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவிட்டால் புத்தகத்தை மூடிவிடுவேன். எண்பதுகளில் திண்டுக்கல்லில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். புதிதாக வந்த புத்தகம் எதுவும் என் மேசையைத் தாண்டித்தான் அலமாரிக்குப் போக வேண்டும். நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டியவர், சிறைக்குப் போய் வந்தவர், புருஷனை இழந்த பிறகு டீச்சருக்குப் படித்தவர் என்று யார் யாரோ தங்கள் கதையை எழுதிக்கொண்டிருந்த காலம். தன் கோழைத்தனத்தையும் அற்பத்தனத்தையும் ஒளிக்காமல் எழுதியவர்களை மட்டும் அப்பாவுக்கென்று வீட்டுக்கு எடுத்துப் போவேன்.

அப்பா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய் வயல்களை அளந்த பழக்கத்தில், எந்த விஷயத்தையும் நாலு மூலையும் குறிக்காமல் விடமாட்டார். "இதப் படிங்கப்பா. எதையும் மறைக்கல, அதான் மனுசன்" என்று சொல்லி நான் கொடுத்த புத்தகங்களை எல்லாம் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தார். நூலகப் புத்தகத்தில் கோடு போடாதீர்கள் என்று நான் கத்தியதும் உண்டு.

அவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வசதியானவர்கள் மணிவிழாவுக்கு மலர் போடுவார்கள். மாலையும் கழுத்துமாக ஒரு போட்டோ, உறவுக்காரர்கள் எழுதிய வாழ்த்துப்பாக்கள், அவ்வளவுதான் அதில் இருக்கும். அப்பா மலர் போடவில்லை. தன் வாழ்க்கையைத் தானே எழுதி அச்சடித்து, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் தேங்காய் வெற்றிலையோடு தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். முன்கூட்டி யாரிடமும் காட்டவில்லை. மண்டப வாசலில் நின்று சிரித்த முகமாகப் பையை நீட்டிக்கொண்டிருந்தவள் நான்தான்.

கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு பிரதியைப் புரட்டினேன். நெய்க்காரப்பட்டி என்ற பெயர் கண்ணில் பட்டது. நான் வாக்கப்பட்டுப் போன ஊர். கை நீட்டும் புருஷன். அடி தாங்காமல் நான் பிறந்த வீட்டுக்கு ஓடி வந்ததையும், ஒவ்வொரு தடவையும் தானே என்னைப் பழனி பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பியதையும் அப்பா எழுதியிருந்தார். ஊர் வாய்க்குப் பயந்துதான் அனுப்பினேன், நான் ஒரு கோழை என்றும் எழுதியிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது உடம்பில் எங்கெங்கே காயம் இருந்தது, அங்கே எனக்குக் கரு எப்படிக் கலைந்தது, எதையும் அவர் விடவில்லை.

மண்டபத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சள் பைகளாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு ஓடலாம் போல இருந்தது. சின்னாளபட்டியிலிருந்து வந்திருந்த சித்தி அதற்குள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். "அம்புட்டு அடிச்சானா ஆத்தா? எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே நீ." அன்பாகத்தான் கேட்டாள். ஆனால் சேலை விலகி நிற்கும் பெண்ணைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அடுத்து வந்த நாட்களில் அப்பாவைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். "இம்புட்டு உண்மைய எழுத ஒரு நெஞ்சழுத்தம் வேணும்யா" என்றார்கள். அப்பா அடக்கமாகச் சிரித்தார். நான் காபியோடு போனால் பேச்சு நின்றுவிடும். அவருக்குக் கிடைத்த பாராட்டில் பாதி என் முதுகுத் தழும்புக்கு உரியது என்று நினைத்து எரிச்சலாக வரும். உடனே, இப்படியா நினைப்பது என்று அதற்கும் வெட்கமாக வரும்.

நூலகத்தில் இன்னும் மோசம். பேப்பர் படிக்க வந்தவர்கள் பேப்பருக்கு மேலே என்னைப் படித்தார்கள். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து அம்மா ஒருவர் மேசைமேல் குனிந்து, "ஏனுங்க கண்ணு, அந்தப் பொண்ணு நீங்கதானுங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். புருஷனை விட்டு வந்த பிறகு தலை நிமிர்ந்து உட்கார எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த நாற்காலி. அதையும் விட்டுவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

முன்பின் தெரியாத யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைத்தான் அப்பாவிடம் முதலில் காட்டியிருப்பேன். அந்த மகள் எங்கே இருக்கிறாள், அவளும் இதைப் படித்தாளா என்று ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டேன்.

ஒரு நாள் அப்பா நூலகத்துக்கே வந்து இரண்டு பிரதிகளை என் மேசைமேல் வைத்தார்.

"புதுசா வந்த புத்தகத்தோட வைம்மா. நாலு பேரு கேக்குறாங்க."

"வைக்க மாட்டேன்ப்பா."

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு வெக்கமா இருக்கு."

"வெக்கப்பட வேண்டியவன் நான்ல? அதத்தான எழுதியிருக்கேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னுருப்பே."

"நீங்க எழுதி எறக்கி வச்சுட்டீங்க. அதச் சொமந்துக்கிட்டு நான்ல இங்க உக்காந்திருக்கேன்."

அந்த நேரம் பார்த்து, தினமும் வரும் பாங்க் ஊழியர் ஒருவர் மேசைக்கு வந்தார். "புது சுயசரிதையாம்மா? யாரு எழுதுனது?" என்று மேலே இருந்த பிரதியை எடுக்கக் கையை நீட்டினார்.

அப்பா முந்திக்கொண்டார். இரண்டு கையாலும் புத்தகங்களை மூடி, மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டார்.

"இது வேற தம்பி. வீட்டு விசயம்" என்றார்.

சொன்னவரின் முகம் சுண்டிப்போயிருந்தது. என்னைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். கோழை என்று தன்னையே எழுதிக்கொண்ட பக்கத்தைப் பல தடவை படித்திருக்கிறேன், இந்த முகம் அதில் எங்கேயும் இல்லை. பாங்க் ஊழியருக்கு வேறொரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.