செருப்பை வெளியே விடவும்

போன வாரம் மகள் செல்போனை என் கையில் திணித்து, "எந்த லேப்டாப்பு வாங்கலாம், பாத்து சொல்லுப்பா. வெயிட்டு கம்மியா இருந்தா போதும்," என்றாள். பூனாவில் வேலை கிடைத்திருக்கிறது அவளுக்கு. விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சார்ஜர் பிளக்கில் மூன்றாவது பின் இருக்கிறதா என்று தேடினேன். அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கு என்ன தெரியும், அப்போது அம்மா வயிற்றில் இருந்தவள்தானே.

அப்போது நாங்கள் கொரட்டூரில், தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் இருந்தோம். என் மனைவி வசந்தி பாரிமுனையில் ஓர் அச்சகத்தில் தமிழ் டைப் அடித்தாள். முதல் தடவை உண்டானது தங்கவில்லை. அதனால் இந்த முறை மின்சார ரயில் நெரிசலே கூடாது என்று டாக்டர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் அங்கேயே அடித்துக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார் முதலாளி. குழந்தையும் வேண்டும், வேலையும் வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கியே ஆக வேண்டும்.

என்ன பார்த்து வாங்குவது? எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டேன். ஒருவர் ராம் என்றார், ஒருவர் ஹார்ட் டிஸ்க் என்றார். திரைக்கு முன்னால் ஃபில்டர் கண்ணாடி மாட்டாவிட்டால் கருவுக்கு ஆகாது என்று டீக்கடையில் ஒருத்தர் கொளுத்திப்போட, எனக்குத் தூக்கம் போயிற்று. ஆவடி குவார்ட்டர்ஸ் நண்பன் சேகரின் குடும்பமே ராணுவ டாங்கி செய்யும் ஃபேக்டரிக் குடும்பம். "கேபினெட்ட தூக்கிப் பாரு மச்சான். கனமா கீதா, அதான் நல்ல சரக்கு," என்றான். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி நானும் தூக்கிப் பார்த்தேனே, என்னத்தைச் சொல்ல.

ஒருவழியாக ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அறை முழுக்கத் தெர்மாகோல் வாசனை. தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்பது அந்தக் காலத்து வேதவாக்கு. வசந்தி டைப் படித்த சென்டரிலேயே செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நானும் "செருப்பை வெளியே விடவும்" என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். அது போதாதென்று காலையும் மாலையும் தரையை ஈரத்துணியால் நானே துடைத்தேன். அவ்வளவு பொறுப்பு!

ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், வசந்தி சாப்பாட்டு மரமணையைக் கீழே போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டு டைப் அடிக்கிறாள். கால் வீக்கமா என்று கேட்டேன். அவள் டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

"கோச்சுக்காதீங்க. தரையில கால வச்சிகினு பொட்டிய தொட்டா சுர்ருங்குது. வந்த நாள்லேர்ந்தே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா திருப்பிக் குடுத்துருவீங்க. வேலை பூடுமே."

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். சுவரில் இருந்த சுவிட்சுப் பெட்டியைக் கழற்றினால், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. சும்மா ஒப்புக்கு ஓட்டை! கசிகிற கரண்டைப் பூமிக்கு இறக்குவதற்கான ஓட்டை அது. வழியில்லாத கரண்ட், ஈரத்தரையில் வெறுங்காலை வைத்திருந்த வசந்தி வழியாக இறங்கியிருக்கிறது. நானோ அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை சூப்பர்வைசர். அங்கே உப்பும் கரியும் போட்ட எர்த் குழி காய்ந்தால் கரண்ட் பூமிக்கு இறங்காது; அதற்குத் தினமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லை என்பார்களே, அது நான்தான்.

மறுநாள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி வெட்டினேன். உப்பு, கரி, குழாய், கம்பி எல்லாம் போட்டு முடித்தேன். கதவில் ஒட்டியதைக் கிழித்துவிட்டு வசந்திக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். உள்ளே அசைகிறதா, அசைகிறதா என்று கேட்டுக் கேட்டு அவளைப் பாடாய்ப் படுத்தினேன். பிரசவம் ஆகும்வரை விடிந்ததும் குழிக்குத் தண்ணீர். என் அம்மா பார்த்துவிட்டு, செடியே இல்லாத இடத்துக்கு எதுக்குடா தண்ணீர் என்று தலையில் அடித்துக்கொண்டாள். மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

அந்த வீடு இப்போது அடுக்குமாடி. கனமான கேபினெட் காயலான் கடைக்குப் போய்விட்டது. குழி கார் நிறுத்துமிடத்து டைல்ஸுக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது.

நேற்று லேப்டாப் வந்தது. தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லை. அன்றைக்கு வசந்தி வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று வாங்கினோம். இது மகள் எடுத்துக்கொண்டு போவதற்கு.

"பூனாவுல அவ ரூமுல எர்த் கீதான்னு கேட்டீங்களா?" என்றாள் வசந்தி அடுப்படியிலிருந்து.

கேட்டேன், இருக்கிறதாம். இருந்தாலும், அங்கே குழிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?