காயாத நீலம்

போன மாதம் மூன்று வாரம் எங்கள் வீட்டு முற்றத்தில் துணி காயப்போட இடமில்லாமல் போனது. காரணம் நான்தான். பதுளையிலிருந்து பசறை ரோட்டில் ஏறினால் இரண்டாவது வளைவில் எங்கள் வீடு. முற்றத்தை அடைத்துக்கொண்டு என் கார் நின்றது. கண்ணாடிகளுக்கெல்லாம் பழைய பேப்பர் ஒட்டி, முன்விளக்கு இரண்டையும் கழற்றி வைத்திருந்தேன். நான் ஒரு பலகையில் உட்கார்ந்து, எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எழுபதை நெருங்குகிற மனுஷன் செய்கிற வேலையா இது என்று கேட்பீர்கள். என் மனைவி அதைத் தினமும் மூன்று வேளையும் கேட்டாள்.

“காருக்குப் பண்ற அலங்காரத்துல பாதிய கூரைக்குப் பண்ணியிருந்தீங்கன்னா, மழைக்குச் சட்டி வைக்காம இருந்திருக்கலாம்.”

சொல்வதில் நியாயம் இருந்தது. நியாயமான பேச்சுக்கு வாயை மூடிக்கொள்வது நாற்பது வருட இல்லறத்தில் நான் கற்ற ஒரே பாடம்.

எல்லாம் என் தங்கச்சி புஷ்பத்தின் ஒரு டெலிபோனால் வந்தது. அவள் இந்தியாவில், கோத்தகிரியில் இருக்கிறாள். போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு தடவைகூட வந்ததில்லை. அவளுடைய பேத்திக்குக் கைநிறையச் சம்பளத்தில் வேலை கிடைத்து, “ஒன் ஊரக் காட்டு பாட்டி” என்று டிக்கெட் எடுத்துவிட்டாளாம். புஷ்பம் முதலில் என் உடம்பைக்கூட விசாரிக்கவில்லை.

“அண்ணே, அந்தக் கார் இருக்கா?”

“இருக்கும்மா.”

“ஓடுதா?”

“ஜம்முன்னு ஓடுது. புதுசு மாதிரி வச்சிருக்கேன்.”

“அப்படின்னா ஸ்டேஷனுக்கு அதுலயே வா. வேறெதுலயும் நான் ஏற மாட்டேன்.”

ஓடுது என்றது உண்மை. புதுசு மாதிரி என்றது, ஐயோ, அதை ஏன் சொன்னேன்! வலது பக்கக் கதவில் கைவிரல் போகிற அளவுக்குத் துரு. பின்பக்கம் முழுக்கப் பெயிண்ட் உரிந்து, தேமல் விழுந்த முதுகு போல இருந்தது. சும்மா இருந்த வாய் ஒரு பொய்யைச் சொல்ல, உடம்பு மூன்று வாரம் அதற்கு உழைத்தது.

இரண்டாம் நாள் முன் மட்கார்டில் பிற்பாடு அடித்த மேல்பெயிண்ட் கரைந்து, அடியிலிருந்து ஒரு நீலம் வந்தது. மயில் கழுத்து நீலம். அதற்குள் பழுப்பாக, பூனைமயிர் போல நுண்ணிய தூசி ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரியும். தேயிலைப் பஞ்சு. ஈரத் தாளைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கார் எனக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். நமுனுகுல பக்கம் எங்கள் தோட்டத்தில் பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியாக ஒரு சின்னத்துரை இருந்தார். கல்யாணமாகாத ஆள், வேகப் பைத்தியம். எங்கிருந்தோ ஒரு அமெரிக்கக் காரைக் கொண்டுவந்தார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், கட்டில் அகலத்துக்குப் பொனட். மலைப்பாதையில் எதிரே கொழுந்து லாரி வந்தால் ஏதாவது ஒன்று பின்னால் போயே ஆக வேண்டும். பெட்ரோல் குடிப்பதில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் சத்தம் இருக்கிறதே! அது கத்தாது. அடிவயிற்றிலிருந்து உறுமும். பசறைப் பக்கம் திரும்பும்போதே லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்களுக்குக் கேட்டுவிடும். ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்தவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடுவார்கள்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அவர் கிளம்பிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் காரின் கியர்பாக்ஸ் உடைந்து கிடந்தது. நான் அப்போது தேயிலை ஸ்டோரில் மெஷின்களைப் பார்க்கிற ஃபிட்டர். அவருடைய காரையும் நான்தான் பார்ப்பேன். “நீயே வச்சுக்கோ” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கழுதை கேட்டவனுக்கு யானை கிடைத்த மாதிரி ஆயிற்று. ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து, ஸ்டோர் லேத்தில் பல்சக்கரம் கடைந்து, அதை ஓட வைத்தேன். முதல் நாள் ரோதை முனிக்குத் தேங்காய் உடைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். ரோதை முனி ஸ்டோர் சக்கரங்களுக்குக் காவல் சாமி. காரிலும் சக்கரம் இருக்கிறது அல்லவா என்று பூசாரி சமாதானம் சொன்னார்.

அப்புறம் அது என் கார் இல்லை, தோட்டத்துக் கார். பிள்ளைவலி கண்டவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அது. ஒருமுறை மட்டும் மொனராகலை பக்கம் நேர் ரோடு கிடைத்தபோது, பின்சீட்டில் புஷ்பம் உட்கார்ந்திருக்க, மிதித்தேன். பயந்து கத்துவாள் என்று பார்த்தால், “இன்னும் அண்ணே, இன்னும்!” என்கிறாள். அவளுக்கு அப்போது பதினெட்டு வயசு இருக்கும்.

எங்களுக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்குப் பொறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். அதே தோட்டத்தில் மேல் லயத்துப் பையனுக்குக் கட்டிக் கொடுத்தேன். கூப்பிடு தூரம், கறி வைத்தால் கிண்ணத்தில் வரும் என்று நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தவர்கள். எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஒரே காம்பரா அறையில் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே. அப்படிப் பிரியாத வீடு எங்கள் லயத்தில் குறைவு. ஒருநாள் அவர்களுக்கும் கிளம்பச் சொல்லிக் கடிதாசி வந்தது. பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பல்.

இந்தியாவுக்குப் போகிறவர்களைத் தோட்டத்திலிருந்து கொழுந்து லாரியில்தான் பதுளை ஸ்டேஷனுக்கு ஏற்றி அனுப்புவார்கள். பெட்டி, அண்டா, கிழவி, குழந்தை எல்லாம் ஒன்றாக, கொழுந்துச் சாக்கு மாதிரி. லாரி நகர்ந்ததும் ஒரு ஓலம் எழும். சாவு வீட்டிலும் அப்படி அழுது நான் கேட்டதில்லை. எனக்குள் ஒரு வீராப்பு வந்துவிட்டது.

“ஒன்னய நான் லாரியில அனுப்ப மாட்டேன் புஷ்பம். கார்ல ராணி மாதிரி கொண்டுபோய் ஏத்திவிடுறேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறம் மட்டும் வெளுத்த சிவப்பு. ராணி போகிற காருக்கு இந்த நிறமா? கதிர்காமத்து மயில் நிறத்தில் அடிக்கிறேன் பார் என்று நானே முடிவு பண்ணினேன். அவள் கேட்கவே இல்லை.

அது ஐப்பசி அடைமழை. எங்கள் காம்பரா வாசலில் தார்ப்பாய் கட்டி ஸ்ப்ரே அடித்தேன். மறுநாள் பார்த்தால் நீலத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஈரக் காற்றில் அந்தப் பெயிண்ட் அப்படித்தான் பூக்கும், எனக்கு அது தெரியாமலில்லை. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தேன். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. தோட்டத்தில் மழைக்காலத்திலும் சூடாக, உலர்ந்து இருக்கிற ஒரே இடம் எது? தேயிலை காய வைக்கிற ஸ்டோர். ஒரு மலைக் கொழுந்தையே காய வைக்கிறது, ஒரு காரைக் காய வைக்காதா? டீமேக்கர் ஐயாவிடம் கெஞ்சி, அடுப்புக்குப் பக்கத்து விறகுக் கொட்டகையில் காரை ஏற்றிவிட்டேன். சீக்கிரம் காய்கிற பெயிண்ட் தீர்ந்துபோயிருந்ததால், ஜன்னலுக்கு அடிக்கிற எனாமலை வாங்கி அடித்தேன்.

தேயிலைக்குள் நாள் முழுக்க நிற்கிறவன் நான். சலிக்கிற ரூமிலிருந்து பஞ்சு பறக்கும், புருவத்தில், காதுமடலில் எல்லாம் ஒட்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்றைக்கு மறந்துபோனேன். புஷ்பம் போகிறதுக்கு முதல் நாள் காலை கொட்டகைக் கதவைத் திறந்தால், கார் முழுக்கப் பழுப்பு ரோமம். புஷ்பம் வந்து பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அண்ணே, காருக்கு மீசை மொளைச்சிருக்கு!”

“நீ போ. நாளைக்குப் பாரு.”

“எனக்கு இப்படியே பிடிச்சிருக்கு. வா, சோறு திங்க. இன்னைக்கு ஒரு நாளுதானே.”

நான் போகவில்லை. அந்தப் பகல் முழுக்க, என் தங்கச்சி இந்த மண்ணில் சமைத்த கடைசிச் சோறு ஆறிக்கொண்டிருக்க, நான் முடிந்த மட்டும் பஞ்சைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி எனாமல் அடித்துக்கொண்டிருந்தேன். முட்டாள் என்று சொன்னால் முட்டாள்கள் கோபித்துக்கொள்வார்கள்.

காலையில் ஆறு மணிக்கு லாரி வந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், பெயிண்ட் பிசுபிசுவென்று கையோடு வந்தது. “நீங்க சாமானோட போய்க்கிட்டே இருங்க, பசறை தாண்டுறதுக்குள்ள வந்து ஒன்னய மாத்தி ஏத்திக்கிறேன்” என்றேன். புஷ்பம் லாரியில் ஏறினாள். என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை. வருவேன் என்று நம்பினாள்.

வெயில் வரும் என்று நின்றேன். அரை மணி நேரம், இன்னொரு அரை மணி நேரம். ஓடுகிற காரை வைத்துக்கொண்டு பெயிண்ட் காயவில்லையே என்று நின்ற ஒருவன் இந்த ஊவா மாகாணத்திலேயே நானாகத்தான் இருப்பேன். பிறகு பொறுக்காமல் எடுத்துக்கொண்டு பறந்தேன். ரோட்டுச் சேறும் இலையும் ஈரப் பெயிண்டில் அப்ப, பதுளை ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தால் தண்டவாளம் காலியாகக் கிடந்தது. லாரி டிரைவர் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறம் கடிதாசி வந்தது, போட்டோ வந்தது, கடைசியில் டெலிபோன் வந்தது. அந்தக் காலையைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதனால்தான் இந்தத் தடவை காரைக் காட்டியே தீருவது என்று நின்றேன். மயில் நீலத்தில் பேரம் கிடையாது.

ஆனால் மழை இந்தத் தடவையும் விடவில்லை. அவள் வருகிற அன்றைக்கு இடது பக்கம் நீலம், வலது பக்கம் கதவு வரைக்கும் சாம்பல் நிற அடிப்பூச்சு. “நம்ம பக்கத்து வீட்டு வேன்ல போயிட்டு வாங்களேன்” என்றாள் மனைவி. “ஒரு தடவை பட்டது போதும்” என்று சொல்லிவிட்டு, கண்ணாடிப் பேப்பரைப் பிய்த்தெறிந்து, இரண்டு நிறக் காரோடு கோச்சி வருகிறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் நின்றேன்.

பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தலை பூராவும் நரை. என்னைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது முடித்தாள். காரைப் பார்த்தாள். அரைகுறை நிறத்தைப் பற்றி நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன், அவள் காதில் வாங்கவேயில்லை. முன்சீட்டில் ஏறி, கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, “எடுண்ணே” என்றாள். சாவியைத் திருப்பினேன்.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். “ஏதோ வேன் வந்து டகடகன்னு நிக்குது போல. அது போகட்டும், அப்புறமா ஸ்டார்ட் பண்ணு.”

“அது நம்ம கார்தாம்மா.”

உங்களிடமும் நான் இதைச் சொல்லவில்லை. பெட்ரோல் ஊற்றிக் கட்டாது, பாகமும் கிடைக்காது என்று முப்பது வருஷத்துக்கு முன்பே அந்த எட்டு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஒரு டீசல் வேன் இன்ஜினைப் போட்டுவிட்டேன். இங்கே பாதிப்பேர் செய்கிற காரியம்தான்.

புஷ்பம் கொஞ்ச நேரம் அந்த டகடகப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

“அன்னைக்குக் கோச்சியில பண்டாரவளை வரைக்கும் நான் ஜன்னல மூடவே இல்லண்ணே. மழச் சாரல் அடிக்குதுன்னு எல்லாரும் திட்டுறாங்க. பக்கத்துல ரோடு வர்றப்பல்லாம் காதக் குடுத்துக்கிட்டே இருந்தேன். எந்த ஸ்டேஷன்லயாச்சும் அந்தச் சத்தம் கேட்டா, எறங்கி ஒன்னய ஒரு தரம் பாத்துட்டு ஏறிக்கலாம்னு.”

மலையேறுகிற கோச்சி, நடக்கிறவனைவிடக் கொஞ்சம் வேகம். தெமோதரையில் வளைந்து வளைந்து ஏறும். எல்ல ஸ்டேஷனிலேயே பிடித்திருக்கலாம். ஊவாவிலேயே வேகமான காரை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேனே தவிர, துரத்தலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பது வருஷமாகவும் தோன்றவில்லை.

“அந்த இன்ஜின் எங்கண்ணே இப்ப?” என்றாள்.

பழைய இரும்புக்காரன் தராசில் வைத்து எடைக்கு எடுத்துக்கொண்டு போனான். “வீட்டுக்குப் போவோம்மா, சோறு ஆறிடும்” என்று கியரைப் போட்டேன்.