கொசுறு வெள்ளரிக்காய்

அந்த வியாழக்கிழமை மதியம் எங்களிடம் சரியாக இருபது முகங்கள் மிச்சமிருந்தன. இருபத்திரண்டு பேரோடு தொடங்கிய சோதனை அது. ஒருத்தி ஐந்தாம் வாரத்தில் தான் கர்ப்பம் என்று தெரிந்து விலகினாள். இன்னொருத்திக்கு மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டதால் அவளும் போனாள். கடைசி அளவெடுப்பு வரை குறைந்தது இருபது பேர் நிற்க வேண்டும் என்று சீரம் செய்த நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் சொன்னது. பத்தொன்பது என்றால் அறிக்கை கிடையாது. அறிக்கை இல்லாவிட்டால் போராமுக்கு வேலை கிடையாது.

குக் போராமுக்கு அப்போது முப்பத்தேழு வயது. சுவோன் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஆறாவது மாடியில், முகப்பூச்சுகளைச் சோதித்துக் கொடுக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அளவெடுப்பவள். மகன் பிறந்தபின் ஆறு வருடம் வீட்டிலிருந்துவிட்டு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலைக்குத் திரும்பியவள். அக்டோபர் முப்பத்தொன்றோடு அது முடிகிறது. அதற்குமேல் வைத்துக்கொள்வதானால் நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். ஆகஸ்டிலேயே டீம் லீடர் தாக் அவளிடம் சொல்லியிருந்தார்.

"இந்தச் சீரம் அறிக்கை நல்லபடியா வெளிய போகட்டும். உன் பேரை நானே மேல எழுதி அனுப்பறேன்."

அகன்ற துளைகளும் எண்ணெய் வழியும் சருமமும் உள்ளவர்களுக்கான சீரம். எட்டு வாரம், காலையும் இரவும் இரண்டு சொட்டு. பொறுப்பாளர் என்ற இடத்தில் போராமின் பெயர் அச்சான முதல் சோதனை அதுதான்.

போராமின் கன்னங்களிலேயே பள்ளிக்கூடத்துப் பருக்களின் தழும்பும் துளைகளும் உண்டு. அவள் எதையும் பூசி மறைப்பதில்லை. கண்ணாடி போல் பளபளக்கும் எங்கள் முகங்களுக்கு முன்னால் உட்காரக் கூசுகிற பெண்கள் அவளிடம் மட்டும் தாராளமாக நாடியை நீட்டுவார்கள்.

அவளிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. சோதனைக்கு வருபவர்கள் முகம் கழுவி, இருபத்திரண்டு பாகை குளிரில் அரைமணி நேரம் கையை மடியில் வைத்து உட்கார வேண்டும். அப்போது எட்டுக் கேள்விகள் உள்ள தாளில் ஆம், இல்லை என்று குறியிட்டுக் கையெழுத்திடுவார்கள். வேறு கிரீம் பூசினீர்களா, ஆவி அறையில் இருந்தீர்களா, பார்லரில் முகத்துக்கு ஏதாவது செய்துகொண்டீர்களா என்று போகும் அந்தக் கேள்விகள். எல்லோரும் எட்டு 'இல்லை' போடுவார்கள். நாங்கள் வாங்கிக் கோப்பில் வைப்போம். போராம் மட்டும் அதே எட்டையும் மறுபடி வாயால் கேட்பாள். ஒரு ஆளுக்கு நாலு நிமிடம் கூடுதல்.

"போராம், இது ஆய்வுக்கூடமா பாவமன்னிப்புக் கூண்டா?" என்பார் தாக்.

ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் காரணத்தைச் சொன்னாள். வீட்டிலிருந்த காலத்தில் அவளே வேறொரு கூடத்துக்குச் சோதனைக்குப் போனாளாம். இடுப்பில் பையன் அழுதுகொண்டிருந்தான். எட்டுக் கட்டத்துக்கும் ஒரே கோடாக 'இல்லை' இழுத்தாள். அந்த வாரம் பையனுடைய புண்ணுக்கு வாங்கிய களிம்பைத் தன் நாடியிலும் தடவியிருந்தது பஸ்ஸில் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது. "அந்த அறிக்கைக்குள்ள என் நாடியும் இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சோற்றுச் சுருளை மென்றாள்.

அன்று கடைசியாக வந்தவள் பியோ யொங்ரான். நாற்பத்தாறு வயது, சந்தையில் பாசிப்பயறு அடை சுட்டு விற்பவள். இலையுதிர்காலப் பண்டிகை முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பண்டிகை வாரம் முழுவதும் சட்டியின் முன்னால் நின்றிருப்பாள்.

"மன்னிச்சுக்கோ தங்கச்சி. பஸ்ஸு பிள்ளைத்தாச்சி மாதிரி நடந்து வருது."

"பரவாயில்லக்கா. எத்தனை அடை சுட்டீங்க இந்தத் தடவை?"

"எண்ணினா மயக்கம் வரும். மாவு தீர்ந்துச்சு, எண்ணெய் தீர்ந்துச்சு. மூஞ்சியைப் பிழிஞ்சிருந்தா இன்னும் நாலு சுட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்துல என்னை எண்ணெய்ச் சட்டின்னுதான் கூப்பிடுவாங்க, தெரியுமா?"

அரைமணி கழிந்து போராம் எண்ணெய் அளக்கும் கருவியின் நாடாவை அவள் நெற்றியில் முப்பது விநாடி அழுத்தினாள். நான் பக்கத்து மேசையில் எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். முதல் நாள் நூற்று எண்பத்தெட்டு, நான்காம் வாரம் நூற்றெழுபது. இப்போது கருவி அறுபத்தொன்று என்றது.

போராம் நாடாவை மாற்றி மறுபடி அழுத்தினாள். ஐம்பத்தொன்பது.

படம் எடுக்கும் பெட்டியில் யொங்ரான் நாடியை வைத்தாள். வெளிச்சம் மூன்று முறை வெட்டியது. முதல் நாள் படத்தில் அவள் மூக்கு ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்தது. இன்று திரையில் தெரிந்தது வேறு யாருடையதோ மூக்கு. மற்ற பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் எண்ணெய் நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்கியிருக்கவில்லை.

தாக் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று நான் கவனிக்கவில்லை.

"முதல் பக்கத்துல இந்த முகம்தான்," என்றார் தணிந்த குரலில். "மொத்தச் சராசரியையும் இந்த ஒரு மூக்கு தூக்கி நிறுத்திடும். போராம், மேல பேசிட்டேன். சாயங்காலம் கோப்பை மூடிடு."

அவர் போனபின் போராம் யொங்ரானின் தாளை எடுத்தாள். எட்டு 'இல்லை', கீழே கையெழுத்து. பேனாவை மூடினாள். சுவரைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

"அக்கா, எப்பவும் போல ஒரு தடவை வாயால கேட்டுடறேன்."

"கேளு, கேளு. நீ கேக்கலைன்னாதான் எனக்குச் சந்தேகம் வரும்."

வேறு கிரீம்? இல்லை. மாத்திரை? இல்லை. ஆவி அறை? இல்லை. பார்லரில் முகத்துக்கு ஏதாவது? இல்லை. எட்டும் முடிந்தன. போராம் நிறுத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நிறுத்திவிட வேண்டும் என்று விரும்பினேன்.

"பண்டிகைக்குப் பொதுக் குளியல் கூடம் போனீங்களாக்கா?"

"போகாம? எண்ணெய் வாடையோடவா முன்னோருக்குப் படைக்கறது? பண்டிகைக்கு முந்தின நாள் போனேன். அடுப்படி அலுப்பு தீரணும்னு நேத்தும் போனேன். ஆனா நீ சொன்ன மாதிரியே ஆவி அறைக்குள்ள காலே வைக்கல. அங்க இருக்கற பொம்பளைகிட்ட மேல் தேய்ச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

"தேய்க்கறவங்க முகத்துல ஏதாவது வச்சாங்களா?"

"முகத்துக்கு நான் காசே கொடுக்கலையே. உடம்புக்கு மட்டும்தான். வெள்ளரிக்காய் துருவி வச்சா, அது கொசுறு. அப்புறம் மிச்சமிருந்த தயிரைத் தடவி, சூடான துண்டைப் போட்டு மூடினா. நான் தூங்கியே போயிட்டேன். எழுந்து பார்த்தா மூக்கையும் துணியால தேய்ச்சு விட்டிருக்கா. பத்து வருஷப் பழக்கம், பாசத்துல செய்யறா."



"அக்கா, இதை ஏன் தாள்ல போடலை?"

"பார்லர்ல செஞ்சுக்கிட்டீங்களான்னுதானே கேட்டிருக்கு? கொசுறு எப்படிம்மா கணக்குல வரும்?"

"உங்க கடையில அடை வாங்கினா ஒரு மிளகாய் அடையைக் கொசுறா வைப்பீங்களே. அது வயித்துக்குள்ள போகாதா?"

யொங்ரான் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "போகும்தான்," என்றாள் மெதுவாக.

போராம் தாக்கை அழைக்க என்னை அனுப்பினாள். இருவரும் நடைவழியில் நின்று பேசினார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"அவங்க இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நம்ம கையில இருக்கிறது தாள். அதுக்குமேல உனக்கு என்ன வேலை?"

"என்கிட்ட சொல்லிட்டாங்க சார்."

"என் காதுல விழல. உன் காதுலயும் விழாம இருக்கலாம்."

"விழுந்துடுச்சே."

"பத்தொன்பதுன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமில்ல? எனக்கு ஒண்ணும் ஆகாது. உனக்குத்தான் மூணு வாரம் மிச்சமிருக்கு. பையனோட பள்ளிக்கூடச் செலவு வேற இருக்கே?"

அவர் குரலில் மிரட்டல் இல்லை. அவளுக்காக உண்மையிலேயே பயந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதனாலேயே கேட்கச் சங்கடமாக இருந்தது.

யொங்ரான் நாற்காலியை விட்டு எழுந்து கதவருகே போனாள். "தங்கச்சி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். அந்தப் பொம்பளை உடம்பு மட்டும்தான் தேய்ச்சா. நான் தூக்கத்துல கனவு கண்டிருப்பேன்."

போராம் அவளைப் பார்த்துச் சிரித்தாள். உதடு மட்டும்தான் சிரித்தது. "உட்காருங்கக்கா, குளிருது," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். தாளின் ஓரத்தில் தேதி போட்டு இரண்டு வரி எழுதினாள். வெள்ளரிக்காய், தயிர், சூடான துண்டு, இரண்டு முறை. யொங்ரானிடம் பேனாவைக் கொடுத்தாள். யொங்ரான் வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் போராம் தன் மேசைக்குப் போகாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"மத்த பத்தொன்பது பேரோட போன் நம்பர் வேணும்."

"எதுக்கு?"

"பண்டிகைக்குக் குளிக்கப் போனது யொங்ரான் அக்கா மட்டும்தானா?"

பட்டியல் என் கணினியில்தான் இருந்தது. தாக் மேல்மாடிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் அச்செடுத்துக் கொடுத்தேன். 

அவள் நின்றபடியே ஒவ்வொருவராக அழைத்தாள். ஒரே கேள்வி. காசு கொடுக்காவிட்டாலும் யாராவது உங்கள் முகத்தில் ஏதாவது வைத்தார்களா? முதல் இரண்டு பேரும் இல்லை என்றார்கள். மூன்றாவது மெங் என்ற வங்கிக்காரி. அவள் பேசியது எனக்கே கேட்டது.

"முகத்துலயா? ஆமா. மிச்சமிருந்த வெள்ளரிக்காயைக் குளியல் கூடத்துல தேய்க்கற அம்மா அப்பிவிட்டாங்க. நான் கேக்கவே இல்லையே. ஏன், ஏதாவது தப்பா?"

போராம் பட்டியலில் ஒரு கோடு போட்டாள். அடுத்த எண்ணை அழுத்தினாள். பதினோராவது ஆளும் ஆமாம் என்றாள். மற்றவர்கள் எல்லோரும் இல்லை என்றார்கள்.

தாக் திரும்பி வந்தபோது கடைசி அழைப்பு முடிந்திருந்தது. பட்டியலைப் பார்த்தார். சோதனைக்கு வருபவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பதினேழா?"

"பதினேழு."

"நீ கேக்காம இருந்திருந்தா இருபது."

"கேக்காம இருந்திருந்தாலும் பதினேழுதான் சார்."

 யொங்ரான் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாகத் தலை குனிந்துவிட்டு, மின்தூக்கிக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனாள்.

நிறுவனம் இரண்டு நாள் கோபத்துக்குப் பிறகு, புதிதாக ஆறு பேரைச் சேர்த்து எட்டு வாரம் நடத்தச் சம்மதித்தது. டிசம்பர் நடுவில் முடிந்தது. துளைகளின் பரப்பு நூற்றுக்கு ஆறு குறைந்தது, எண்ணெய் நூற்றுக்குப் பதினொன்று. முதல் பக்கத்தில் போடும்படி எந்த முகமும் கிடைக்கவில்லை. பொறுப்பாளர் இடத்தில் என் பெயர் இருந்தது. போராமின் பெயரை யாரும் மேலே எழுதி அனுப்பவில்லை. அக்டோபர் கடைசி நாள் தன் செருப்பு, குவளை, மகன் வரைந்த டைனோசர் படம் மூன்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனாள். இப்போது ஊருக்கு வெளியே ஒரு முதியோர் மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்க்கிறாள். அதுவும் ஒப்பந்தம்தான்.

நவம்பர் முதல் வாரம் தாக் கேள்வித்தாளைத் திருத்தித் தானே தட்டச்சு செய்தார். ஒன்பதாவதாக ஒரு கேள்வி வந்தது. காசு கொடுக்காவிட்டாலும் யாராவது உங்கள் முகத்தில் ஏதாவது வைத்தார்களா? போராம் தொலைபேசியில் கேட்ட அதே வார்த்தைகள். 

மார்ச்சில் யொங்ரான் இன்னொரு சோதனைக்கு வந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய சூடான பொட்டலம்.

"இந்தத் தடவை பயமே இல்ல. தேய்க்கறவகிட்ட சொல்லிட்டேன், வெள்ளரிக்காயை வயித்து மேல வை, மூஞ்சிப் பக்கம் வந்தே கொன்னுடுவேன்னு." சுற்றும் முற்றும் பார்த்தாள். "தங்கச்சி எங்க? மிளகாய் அடை அவளுக்குத்தான்."

"வேற இடம் போயிட்டாங்கக்கா, ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு."

"எப்போ?"

"அக்டோபர்ல."

பொட்டலத்தை என் மேசை ஓரத்தில் வைத்தாள். மாதத்தை விரலில் எண்ணுவது போலிருந்தது. என்னாலயா என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்து நான் அவசரமாகத் தாளை நீட்டினேன். அவள் ஒன்பது 'இல்லை' போட்டுக் கையெழுத்திட்டாள். நான் வழக்கமாகத் தாளை வாங்கிக் கோப்பில் வைப்பவள். அன்று ஏனோ முதலிலிருந்து சத்தமாகப் படித்தேன். ஒன்பதாவது வந்ததும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது அவ கேட்டது."

"ஆமா."

 பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினாள்.

"சோப்பு வாங்கினப்ப கடைக்காரப் பொண்ணு ரெண்டு சின்னப் பாக்கெட் கிரீம் கொசுறாப் போட்டா. ஒண்ணை அங்கேயே பிரிச்சு என் கன்னத்துல தடவிக் காட்டினா. செவ்வாய்க்கிழமை."

தன் 'இல்லை'யை அடித்துவிட்டு, 'ஆம்' என்ற கட்டத்தில் அழுத்திக் குறியிட்டாள். இனி இந்தச் சோதனையில் தனக்கு இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"பொட்டலத்தை ஆறவிடாம நீ சாப்பிடு," என்றாள். "அவ இருக்கற ஆஸ்பத்திரி எங்கன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கொடு."