அக்கா செய்த சுத்தம்

போன ஆண்டு நடந்தது. ஜார்ஜ் டவுனில் ஒரு கல்லூரியில், இணையச் செயலி உருவாக்கும் படிப்பில் நான் சேர்ந்து ஐந்தாவது வாரம். அப்போது எனக்கு வயது முப்பத்தாறு. அதற்கு முன்பு பதினோரு ஆண்டுகள் பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடரில் வரும் மாமியார்களைத் திட்டிக்கொண்டிருப்பதைவிடப் படிக்கலாமே என்று துணிந்து விண்ணப்பம் போட்டேன். இடமும் கிடைத்துவிட்டது. வீடு இருக்கும் செபராங் ஜெயாவிலிருந்து பேருந்து, பிறகு கடலைக் கடந்து தீவுக்குப் போக ஃபெரி, இறங்கி இன்னொரு பேருந்து. முதல் நாள் வகுப்பறைக்குள் நுழைந்ததும் இரண்டு மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். விரிவுரையாளர் என்று நினைத்துவிட்டார்கள்!

அந்தப் படிப்பில் தனியாக எதையும் செய்ய முடியாது. முதல் வாரமே நான்கு நான்கு பேராகப் பிரித்துவிட்டார்கள். ஒரு குழு, ஒரு செயலி, நால்வருக்கும் ஒரே மதிப்பெண். என்னோடு சேர்ந்தவர்கள் மூன்று பேர். நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை நடத்தும் குடும்பத்துத் தமிழ் முஸ்லிம் தம்பி ஒருவர். அதிகம் பேசாத சீனப் பையன் ஒருவன். மூன்றாவது, பாலிக் புலாவிலிருந்து வரும் மலாய்ப் பெண். மூவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. என்னால் இந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் போய்விடக்கூடாதே என்பதுதான் எனக்கு எப்போதும் பயம்.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு டுரியான் தோட்டம் உண்டு. தோட்டத்துக்கே வந்து பழம் சாப்பிட விரும்புகிறவர்கள் முன்கூட்டியே நாள் பதிவு செய்துகொள்ள ஒரு செயலி. அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். பதிவுப் பக்கம் அவள் பொறுப்பு. கடவுச்சொல் போட்டு உள்ளே நுழையும் பக்கம் என் பொறுப்பு.

தினமும் காலையில் நால்வரும் கால் மணி நேரம் நின்றபடியே பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறாய்? அவ்வளவுதான். எனக்கு அது ஒத்தே வரவில்லை. தொழிற்சாலையிலும் காலையில் வரிசையாக நிற்க வைப்பார்கள். அது சூப்பர்வைசரிடம் திட்டு வாங்க. முந்தைய நாள் யார் கையில் எத்தனை பொருள் கெட்டுப்போனது என்று எல்லார் முன்பும் பெயர் சொல்லிப் படிப்பார்கள். மூன்று முறை பெயர் வந்தால் எச்சரிக்கைக் கடிதம். அதனால் இங்கேயும் சிக்கல் உண்டா என்று யாராவது கேட்டால் என் வாய் தானாகவே "எல்லாம் ஓகே லா" என்று சொல்லிவிடும். ஐந்து வாரமும் அதைத்தான் சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை மாலை நான் மட்டும் வகுப்பில் இருந்தேன். வெள்ளிக்கிழமை விரிவுரையாளர் முன்னால் செயலியை முதன்முதலாக இயக்கிக் காட்ட வேண்டும். எங்கள் வேலை முழுவதும் இணையத்தில் ஒரு பொதுச் சேமிப்பிடத்தில் இருக்கும். முடிந்தது மூலப் பிரதியில். முடியாததை அவரவர் தனித்தனிக் கிளையாக வைத்திருப்போம். திறந்து பார்த்தால் மூன்று கிளைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. ஒன்றின் பெயர் சோதனை, இன்னொன்று சோதனை இரண்டு, மூன்றாவது வெறும் எண்கள். தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் மேசையைச் சுத்தம் செய்யாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. சீட்டு ஒட்டாமல் கிடக்கும் எந்தப் பொருளும் நேராகக் கழிவுப் பெட்டிக்குத்தான் போகும். பதினோரு ஆண்டுப் பழக்கம் லேசில் விடுமா? யார் வைத்தது என்றுகூடப் பார்க்கவில்லை. மூன்றையும் அழித்தேன். நாலு பேர் வீட்டையும் பெருக்கித் துடைத்த திருப்தியோடு ஃபெரி ஏறினேன்.

மறுநாள் காலை மலாய்ப் பெண் வரவில்லை. அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம், இரண்டு நாள் விடுப்பு. அவள் பதிவுப் பக்கத்தைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டதாகவும், சோதனை இரண்டு என்ற கிளையில் இருப்பதாகவும், வியாழக்கிழமை வந்து மூலத்தில் சேர்க்கப்போவதாகவும் சீனப் பையன் சொன்னான். முந்தின மாலை நான் அழித்த மூன்றில் அதுவும் ஒன்று. அவளுடைய இரண்டு வார உழைப்பு அது. அடுத்து என் முறை. எங்காவது சிக்கியிருக்கிறேனா என்று கேட்டார்கள்.

"எல்லாம் ஓகே லா" என்றேன்.

யாருக்கும் தெரியாமல் அந்தப் பக்கத்தை நானே திரும்ப எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அதுதான். செவ்வாய் முழுக்க, புதன் முழுக்க, ஃபெரியில்கூட மடியில் கணினியை வைத்துக்கொண்டு தட்டினேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்தது. எந்தத் தேதியை அழுத்தினாலும் என் பக்கம் ஒரே தேதியைத்தான் பதிவு செய்தது. ஊரில் உள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் டுரியான் சாப்பிட வந்து நிற்பார்கள். புதன் மாலை வீடு திரும்பும் ஃபெரியில், படிப்பிலிருந்து விலகுகிறேன் என்று கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் சிரித்தபடி கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுபுறம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வியாழன் காலை அவள் வந்தாள். கையில் மருதாணி, நால்வருக்கும் கல்யாண வீட்டுக் கேக். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

அவள் கேக்கை மேசையில் வைத்தாள். தன் மடிக்கணினியைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டினாள். சோதனை இரண்டு திரும்ப வந்து நின்றது. மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு வரி தட்ட, மீதி இரண்டும் வந்துவிட்டன. நான் அழித்தது இணையத்தில் இருந்ததை மட்டும்தான். அவரவர் வேலை அவரவர் கணினியில் அப்படியே இருந்தது. இரண்டாவது வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். நான் பலமாகத் தலையாட்டியதும் நினைவிருக்கிறது.

அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் மலாயில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"கிளை போனா போகட்டும்கா. ஏன் ரெண்டு நாளா சொல்லல? உங்க பக்கம் இல்லாம நாளைக்கு யாரு உள்ள நுழையறது?"

அப்போதுதான் உறைத்தது. அவள் வேலையைத் திரும்ப எழுதுகிறேன் என்று என் வேலையை நான் தொடவே இல்லை. வாசலே இல்லாத வீட்டைத்தான் நாளைக்குக் காட்டப்போகிறோம். உண்மையான கேடு இதுதான்.

"அழறதுக்கெல்லாம் டைம் இல்ல லா அக்கா, உக்காருங்க" என்று தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டார். என் பக்கத்தை நான்காகப் பங்கு போட்டோம். மதியம் அவர் கடையிலிருந்து நான்கு பொட்டலம் சாப்பாடு வந்தது. ஒரு கையால் சாப்பிட்டு, மறு கையால் தட்டினோம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடவுச்சொல் போட்டதும் செயலி திறந்தது. பேசாத சீனப் பையன் மேசையைத் தட்டி ஒரு கூச்சல் போட்டான். பையிலிருந்த கடிதத்தைப் பற்றி நான் அவர்களிடம் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாம் நன்றாகவே போனது, விரிவுரையாளர் வேண்டுமென்றே முந்தைய நாள் தேதியை அழுத்திப் பார்க்கும் வரை. கடந்துபோன நாளுக்கும் எங்கள் செயலி சந்தோஷமாக இடம் கொடுத்தது! வகுப்பே சிரித்தது. திட்டு விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெண், "அது என் தவறு சார், நான் கவனிக்கல" என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். விரிவுரையாளர் தலையசைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். வானம் இடிந்து விழவில்லை. நாங்கள் தேறிவிட்டோம்.

இன்றும் நான் கணினி முன்னால் உட்கார்ந்தால், "அக்கா சுத்தம் பண்ணப் போறாங்க, எல்லாம் ஜாக்கிரதை!" என்று தம்பி கத்துவார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அழித்ததை நினைத்து இப்போதெல்லாம் நான் வெட்கப்படுவதில்லை. என்னோடு தினமும் நின்று பேசிய அந்த மூன்று பிள்ளைகளும் என்னைத் துரத்திவிடுவார்கள் என்று அவர்களைக் கேட்காமலே நானாக முடிவு செய்துகொண்டேனே, அதற்குத்தான் இன்னும் வெட்கப்படுகிறேன்.